அலமாரிக்குப் பக்கத்தில் குடித்த விஸ்கி

விஸ்கி ஆலையில் ருசி பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் வெள்ளை. விளக்கு மட்டும் சிவப்பு. கோப்பையில் இருப்பதன் நிறத்தைப் பார்த்துக் கண் ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே வருகிறவர்கள் வாசனை சோப்புப் போட்டுக் குளித்திருக்கக் கூடாது, காபி குடித்திருக்கக் கூடாது, வீட்டில் சண்டை போட்டிருக்கக் கூடாது. கடைசி விதி எந்தப் பலகையிலும் இல்லை. லேபில் கலவை அளக்கும் அக்கா சேர்த்தது.

"வீட்டுல கத்திட்டு வந்தா விஸ்கி கசக்கும். நான் பார்த்திருக்கேன்," என்பாள்.

அந்த அறைக்கு ஆறு வருடமாக அவன்தான் தலைமை. வயது முப்பத்திரண்டு. ஆலையில் அவனுக்கு 'மூக்கு' என்று பெயர். கல்யாணமான புதிதில் அவன் மனைவி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எல்லாரும் ஆளைப் பார்த்துக் கட்டுவாங்க. நான் ஒரு மூக்கைக் கட்டிக்கிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்த மூக்குக்காகப் பவுடரை விட்டாள், சென்ட்டை விட்டாள். துணி அலமாரியில் அந்துருண்டை கூடாது என்று அவன் சொன்னதும், ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து, நாலு கிராம்போடு துண்டுத் துணியில் முடிந்து, மடிப்புக்கு மடிப்பு வைத்தாள்.

ஏழு மாதத்துக்கு முன் அவள் இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தான். கோப்பையை முகர்ந்தான். ஒன்றுமே இல்லை. வாயில் விட்டதும் நாக்கு சுட்டது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. தேன், உலர்ந்த திராட்சை, ஈர மரம் என்று பழைய வார்த்தைகள் கைவசம் இருந்தன. மாற்றி மாற்றிப் போட்டான். அக்கா எழுதிக்கொண்டாள். மூன்றாவது ஆளுக்கு ஆலை வைத்த பெயர் ஆமாஞ்சாமி. அவன் "ஆமா, ஈர மரம்" என்றான்.

அவர்கள் வேலை புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது அல்ல. போன வருடம் குடித்தவன் இந்த வருடமும் அதையே குடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒரு புட்டியைப் பூட்டி வைத்திருப்பார்கள். அதற்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். புதுக் கலவையை அதன் பக்கத்தில் வைத்து, ஒரே அறையில், ஒரே நேரத்தில், இரண்டையும் முகர வேண்டும். குறைந்தால் கூட்டு, கூடினால் குறை. இனிப்பு போதாவிட்டால், முன்பு திராட்சை மது கிடந்த பீப்பாய்களில் ஊறிய விஸ்கியைக் கொஞ்சம் கூடச் சேர்ப்பார்கள். எவ்வளவு என்று அவன் சீட்டு எழுதுவான். அக்கா அளந்து ஊற்றுவாள்.

பூட்டின் சாவி அவனிடம் இருந்தது. ஒரு சாயங்காலம் ஸ்டாண்டர்டில் கொஞ்சத்தை மருந்துப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். திருட்டுதான். சமையலறையில் நின்று குடித்தான். தண்ணீர் மாதிரி இறங்கியது. கோப்பையோடு படுக்கையறைக்குப் போய், சட்டை எடுக்க அலமாரியைத் திறந்து, நின்ற வாக்கில் இன்னொரு வாய் குடித்தான்.

தேன் வந்தது. பின்னாலேயே பழத்தோல், பழைய மரம், அடுப்பை அணைத்த பிறகு மிஞ்சுகிற சூடு போல ஏதோ ஒன்று. அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். மூக்கு திரும்பிவிட்டது என்று நினைத்தான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. அங்கே உட்கார்ந்து ஸ்டாண்டர்டைப் பாடம் செய்வான். மறுநாள் சிவப்பு விளக்கின் கீழ் புதுக் கலவையை மட்டும் முகர்ந்து, நினைவில் இருப்பதோடு ஒப்பிடுவான். அறையில் இரண்டுமே ஊமை. இரண்டு ஊமைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து என்ன கேட்பது? வீட்டில் ஒன்றாவது பேசியது. அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் எந்தக் கலவையும் வறண்டுதான் தெரிந்தது. இனிப்பைக் கூட்டச் சொல்லி எழுதினான். நூற்றுக்கு எட்டு என்று இருந்தது ஒன்பதாகி, பத்தாகி, பதினொன்றானது. கூட்டக் கூட்ட அறையிலும் ஒரு நூலிழை தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 'பொருந்துகிறது' என்று கையெழுத்துப் போட்டான்.

"தம்பி, இனிப்பு தூக்கலா இல்ல?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"ஸ்டாண்டர்டே அப்படித்தான்க்கா. பீப்பாய்தான் இந்த வருஷம் சோடை."

"ஆமா, சோடை," என்றான் ஆமாஞ்சாமி.

மூக்கு சொன்ன பிறகு அப்பீல் ஏது? அவள் எழுதிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். கடைகளிலிருந்து ஆறேழு கடிதங்கள் வந்திருந்தன. வழக்கமாக வாங்குகிறவர்கள் வாயில் வைத்துவிட்டு, இனிக்கிறது என்று திருப்பித் தருகிறார்களாம். மேனேஜர் கணக்காகத்தான் யோசித்தார். மூக்கு இதுவரை தப்பியதில்லை. மூக்கு பொருந்துகிறது என்று சொல்லியிருக்கிறது. ஆக, தப்பு அதற்குப் பிறகு நடந்திருக்கிறது. சீட்டில் பதினொன்று. தொட்டியில் ஊற்றியது யார்?

"நான்தான் சார் ஊத்தினேன். பதினொண்ணுதான் ஊத்தினேன்," என்றாள் அக்கா. அவளுக்கு அது பத்தொன்பதாவது வருடம். "என் கை என்னைக்கு சார் தடுமாறியிருக்கு?"

"வயசு ஆகுதுல்லம்மா. குடோனுக்கு மாத்தறேன், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு லெட்டர் வாங்கிக்குங்க."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்தான். அவனும் அவள் கைதான் பிசகியிருக்க வேண்டும் என்று நம்பினான். அவன் குடித்த ஸ்டாண்டர்டு அத்தனை இனிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் வந்தார், மனைவியின் அண்ணன். அலமாரிக் கதவு எந்நேரமும் திறந்தே கிடந்து கீல் கழன்றிருந்தது. ஸ்குரூடிரைவர் எடுத்து வந்திருந்தார். வந்ததும் வேலையைத் தொடுகிற ஆள் இல்லை அவர்.

"மாப்ள, மூக்கு வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போனா மூக்கறுத்துக்கிட்ட மாதிரி. ஏதாவது ஊத்துங்க."

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆலைச் சரக்கு ஒரு பாட்டில் பாக்கி இருந்தது. ஹாலில் உட்கார்ந்து இருவரும் குடித்தார்கள். மச்சான் முகத்தைச் சுளித்தார்.

"இதுக்கா உங்களுக்குச் சம்பளம்? மேஜைக் காலைக் கடிச்ச மாதிரி இருக்கு."

"காஞ்ச ரகம் மச்சான், இனிப்பு கம்மி. அப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அவன் நிறுத்தினான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. காய்ந்த ரகம்தான் அது. மூக்கு நன்றாக இருந்த காலத்தில் அவனே அப்படித்தான் எழுதியிருந்தான்.

மச்சான் கோப்பையோடு படுக்கையறைக்குள் போனார். கீலைத் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிறகு அவர் குரல்.

"மாப்ள! பாட்டிலை மாத்திட்டீங்களா?"

"இல்லையே."

"விளையாடாதீங்க. இது தேன் மாதிரி இறங்குது. அங்க கட்டையைக் குடுத்துட்டு, நான் எழுந்தப்ப கோப்பையில நல்ல சரக்கை ஊத்திட்டீங்க."

அவன் எழுந்து போனான். அவர் கையில் இருந்தது அதே கோப்பை, அதே மிச்சம். வாங்கி ஒரு வாய் குடித்தான். தேன், பழத்தோல், மரம். அதே கோப்பையோடு ஹாலுக்கு வந்து, ஜன்னலைத் திறந்து, இன்னொரு வாய் குடித்தான். சுட்டது. வேறொன்றும் இல்லை. திரும்பிப் போனான். தேன். மறுபடி ஹால். மூன்றாவது நடைக்கு மச்சான் கதவோரம் நின்று அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ன மாப்ள, எறும்பு மாதிரி போறீங்க வர்றீங்க?"

"அலமாரி மச்சான். வாசனை அலமாரியிலிருந்து வருது. விஸ்கியில இல்ல."

மச்சான் தலையை அலமாரிக்குள், தங்கை முடிந்து வைத்த ஆரஞ்சுத் தோல் பக்கம் நீட்டினார். வெளியே எடுக்க நேரமானது. எடுத்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கீல் ஆயிடுச்சு. இனிமே நல்லா மூடும்," என்று மட்டும் சொன்னார்.

அவனுக்கு அழுகை வரவில்லை. ஏழு மாதமாகவே வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று சீட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஸ்டாண்டர்டை ஓர் அறையில் குடித்துக் கலவையை இன்னோர் அறையில் எடைபோட்டிருக்கிறான். பயிற்சியின் முதல் நாளே அடித்துச் சொல்கிற விதி அது. முதல் வாரம் சேர்ந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் கடிதம் மேஜை மேல் இருந்தது. அக்கா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

"சார், அக்கா சரியா ஊத்தினாங்க. சீட்டு தப்பு," என்றான் அவன்.

"உங்க சீட்டா?"

"என் சீட்டுதான்."

மருந்துப் புட்டியைச் சொன்னான். படுக்கையறையைச் சொன்னான். அலமாரியை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தான். அதை விட்டால் மற்றது விளங்கவில்லை. அதையும் சொன்னான். மேனேஜர் கடிதத்தைத் தள்ளி வைத்தார்.

"இப்ப அறையில வெச்சு முகர்ந்தா?"

"எதுவும் தெரியாது சார். அவ போனதிலிருந்து தெரியல."

கீழே பாட்டில் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று நிரப்புவதும் அதே பதினொன்றுதான். மேனேஜர் போனை எடுத்து நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றது. பிறகு கை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான். லேபிள் ஒட்டுகிற பக்கம் போகச் சொன்னார். அதற்கு மேல் என்ன என்று மேலிடத்தைக் கேட்க வேண்டுமாம். கடிதத்தை நாலாகக் கிழித்தார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தொட்டியைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்றுதான் கேட்டார்.

படிக்கட்டில் அக்கா நின்றாள்.

"ஏழு மாசம் பக்கத்துல உட்கார்ந்து பொய் சொல்லியிருக்க."

"ஆமாக்கா."

"ஆமா சொல்ல இங்க ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். வெள்ளிக்கிழமை என்னைக் குடோனுக்கு அனுப்பினாங்களே, அப்ப எங்க போச்சு வாய்?"

"உங்க கைதான் தப்புன்னு நிஜமாவே நினைச்சேன்க்கா."

அவள் அதற்குத் தயாராக இல்லை. ரெயிலிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை. 'அக்கா, எனக்குத் தெரியல'. நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?"

அவன் நின்றான். திட்டட்டும் என்று இருந்தது. அவள் திட்டவில்லை. "லேபிள் நாளைக்கு ஒட்டிக்கலாம். எந்தச் சீட்டு எந்தத் தொட்டிக்குன்னு உனக்குத்தான் தெரியும். வா," என்று முன்னால் நடந்தாள்.

சிவப்பு விளக்கைப் போட்டார்கள். ஸ்டாண்டர்டு ஒரு கோப்பையில், தொட்டியிலிருந்து வந்தது இன்னொன்றில், பக்கத்தில் பக்கத்தில். அவன் எண்களைப் படித்தான். அவள் இனிப்பு இல்லாத பீப்பாய் விஸ்கியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாள், குலுக்கினாள், முகர்ந்தாள், கீழே வைத்தாள். மறுபடி சேர்த்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. ஆறாவது தடவை குலுக்கி, ஆறு வருடப் பழக்கத்தில், கோப்பையை அவனிடம் நீட்டினாள்.

நீட்டிய கை நடுவில் நின்றது. அவனும் வாங்கக் கை எடுத்துவிட்டு நிறுத்தினான்.

"நீங்களே பாருங்க," என்றான்.

அவள் முகர்ந்தாள். கண்ணை மூடி ஒரு வாய் வைத்து, துப்பினாள். ஸ்டாண்டர்டையும் ஒருமுறை முகர்ந்தாள்.

"இன்னும் வரல. நூத்துக்கு இன்னும் அரை கூட்டணும். எழுது, அரை."

அவன் அரை என்று எழுதினான்.