பராங்குசத்தின் கர்ஜனை

ஸ்ரீனிவாசராகவனுக்கு இந்தக் காலத்து நடிகன் ஒருவனையும் பிடிக்காது. சுவரில் போஸ்டரைப் பார்த்தாலே முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். "இவன் அழறானா, தும்மறானா?" என்பார். "பவுடரை அழிச்சுட்டா கோயில் யானைகூட இவனைத் திரும்பிப் பாக்காது" என்பார். ரயில்வே ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக உட்கார்ந்து, பிறத்தியார் எழுதினதையெல்லாம் சிவப்பு மையால் அடித்தே ஆயுளைக் கழித்த மனுஷர். ஓய்வு பெற்ற பிறகு அடிப்பதற்கு ஏதாவது வேண்டாமா? சினிமா அகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறித் தெப்பக்குளத்தில் இறங்குவார். அங்கே சேக் மைதீனின் ரேடியோ ரிப்பேர் கடை. அதன் பின்னறையில்தான் பழைய படப் பிரியர்கள் ஐந்தாறு பேர் கூடுவது வழக்கம். சேக் மைதீனைத் தவிர எல்லாரும் தலை நரைத்தவர்கள், வீட்டில் யாரும் காது கொடுக்காதவர்கள். பழைய பட நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், நடிகர் படம் என்று ஆளுக்கொரு தகரப் பெட்டி வைத்திருந்தார்கள். தன்னுடையதைக் காட்டுவதைவிட அடுத்தவனுடையது மட்டம் என்று நிரூபிப்பதில்தான் அவர்களுக்கு ருசி. டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற தைரியராஜின் பெட்டிதான் இருப்பதிலேயே பெரிசு. ராகவனிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆனாலும் அங்கிருந்த ஒரே கை வைத்த நாற்காலி அவருக்குத்தான். காரணம், பராங்குசம்.

பராங்குசம் ஒரு காலத்தில் கத்திச்சண்டை நாயகன். ராகவன் காலேஜில் படிக்கும்போது உறையூர்ச் சாலைக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து அவர் படத்தைப் பார்த்தவர்.

"மூஞ்சியை விடும் ஓய். குரல்! கோட்டை மதில்மேல நின்னுண்டு, 'அடே துரோகி, இந்த மண்ணை மிதிக்க உனக்கு எத்தனை நெஞ்சழுத்தம்!'னு ஒரு கர்ஜனை. கொட்டகைக் கீத்தெல்லாம் நடுங்கித்து. இப்ப இருக்கறவன் மைக்கை வாய்க்குள்ள வெச்சுண்டு முனகறான். இவனுக்கு விசில் வேற!"

இப்படிச் சொல்லிவிட்டு, மதில்மேல் நின்ற வசனத்தை ஆரம்பம் முதல் கடைசிவரை குரலெடுத்து ஒப்பிப்பார். தைரியராஜும் அதே கொட்டகையில் பார்த்தவர்தான். அவருக்கு வசனம் ஞாபகமில்லை. "ஆமா சார், அந்தக் குரலக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு" என்று மட்டும் சொல்லுவார். அப்போது தொட்டிலில் கிடந்த சேக் மைதீன், தன் பிறப்பு தாமதமானதை நினைத்துப் பெருமூச்சு விடுவார்.

அறுபத்தாறாம் வருஷம் மார்கழியில் தைரியராஜ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"சார், பராங்குசம் உயிரோட இருக்கார்! திருவெறும்பூர்ல மக வீட்டுல இருக்கார். மருமகனுக்கு அங்க புதுத் தொழிற்சாலையில வேலை. அடுத்த ஞாயித்துக்கெழம இங்க கூட்டிட்டு வரேன்னு அந்தப் பொண்ணு சொல்லிருச்சு."

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தைரியராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான்தானே கண்டுபிடிச்சேன், வரவேற்புரைய நானே..." என்று இழுத்தார்.

"உமக்கு என்ன ஓய் தெரியும்? சிலிர்த்ததுன்னு சொல்லிட்டு உக்காந்துடுவீரா?" என்றார் ராகவன். உள்ளுக்குள் அவருக்கு உதறல்தான். பேச்சை விட்டுக்கொடுத்தால் நாற்காலியும் போகும். நாற்காலி போனால் தெப்பக்குளத்துக்கு பஸ் ஏறுவதில் அர்த்தமே இல்லை. அந்த வாரம் பூராவும் ஆற்றங்கரையில் நடந்துகொண்டே பேச்சை ஒத்திகை பார்த்தார்.

ஞாயிறன்று பெட்டியிலிருந்து பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்தபோது மனைவி ரங்கம்மா பார்த்துவிட்டாள். "பெருமாள் புறப்பாட்டுக்கு எடுக்காதவர், கூத்தாடிக்கு மாலை போட எடுக்கறேளாக்கும்!" என்றாள். அவர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பராங்குசம் வந்தார். ஒட்டிய கன்னம், தொளதொளத்த சட்டை. மகள் பவுனம்மாள் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். அவர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார், புன்னகைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. "பாத்தேளா கம்பீரத்தை! இப்ப இருக்கறதுகள் வாசல்லயே வழிய ஆரம்பிச்சுடும்" என்று ராகவன் பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார்.

மாலை போட்டானதும் ராகவன் எழுந்தார். இன்றைய நடிகர்களை வரிசையாக நிற்க வைத்துத் தோலை உரித்தார். பிறகு கையை வீசி முழங்கினார்: "இத்தனை பேரும் ஒண்ணாச் சேர்ந்து கத்தினாலும் எங்கள் பராங்குசத்தின் ஒரு கர்ஜனைக்கு ஈடாகுமா? உறையூர்க் கொட்டகையிலே நான் கேட்ட அந்தக் குரல் இன்னும் என் காதிலே ஒலிக்கிறது!"

கைதட்டல் அடங்கியது. பராங்குசம் நிமிர்ந்து பார்த்தார்.

"கேலி பண்ணவா கூப்பிட்டீங்க?"

அறையில் எல்லாரும் திடுக்கிட்டார்கள். சின்னப் பெண்பிள்ளை பேசுவதுபோல் கீச்சென்று மெலிந்த குரல்.

"நான் நடிச்சதெல்லாம் ஊமப்படம் சார். பேசற படம் வந்ததும் ஒரு நாள் மைக் முன்னால நிக்க வெச்சாங்க. லைட் புடிக்கிற ஆள்லேருந்து எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் வர வேண்டாம்னுட்டாங்க. அதுக்கப்பறம் நாலு பேர் முன்னால நான் வாயத் தொறக்கறதே இல்ல."

ராகவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் மேஜைமேல் ஒரு ஆள் நிற்பான். தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு படத்துக்குக் கதை சொல்லுவான், எல்லாருக்கும் அவனே பேசுவான். பேசியது அவன். கண்ணைத் திரையை விட்டு எடுக்காததால் குரலையும் திரையிலிருந்தவருக்கே கொடுத்துவிட்டார். ஊமைப் படம் என்பது தெரியாதா? தெரியும். ஊரார் கணக்கில் காலணாத் தப்பைப் பிடித்தவருக்கு, ஊமைப் படத்தில் குரல் எப்படி வந்தது என்று இத்தனை வருஷமும் கேட்கத் தோன்றவில்லை.

தைரியராஜைப் பார்த்தார். சிலிர்த்தவர் இப்போது தகரப் பெட்டியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். 'வேற நடிகரோட படம், ஞாபகப் பிசகு' என்று சமாளிக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பராங்குசம் எழுந்து நின்று மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாலை காதில் சிக்கிக்கொண்டது. பவுனம்மாள் யாரையும் பார்க்காமல் அதை விடுவித்தாள். ராகவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"உக்காருங்கோ," என்றார். "கேலி இல்லை. நான் ஒரு முட்டாள்." ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் கொடுத்த பட்டத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. "கொட்டகையில குழாய் வெச்சுண்டு பேசினானே, அவன் குரல் அது. உங்களோடதுன்னு நினைச்சு இத்தனை நாளா எல்லார்கிட்டயும் பீத்திண்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

சேக் மைதீன் ராகவனின் நாற்காலியை ஒரு தரம் பார்த்தார்.

பராங்குசம் மறுபடி உட்கார்ந்து மாலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஊருக்கு ஊர் ஒருத்தன் எனக்காகப் பேசறான்னு சொல்வாங்க. நான் கேட்டதில்ல. எப்படிப் பேசினான்?"

"அது... என்னத்துக்கு இப்ப?"

"சொல்லுங்க சார். கேக்கணும்."

ராகவன் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். இத்தனை நாள் சும்மா சும்மா ஒப்பித்த வசனம், இப்போது லேசில் வரவில்லை. "அடே துரோகி..." என்று தொடங்கினார். பாதியில் குரல் பிசிறியது. பராங்குசம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூன் போட்ட முதுகு நிமிர்ந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. வலது கை இடுப்புக்குப் போய், இல்லாத வாளின் பிடியைத் தேடியது.

வசனம் முடிந்துவிட்டது. கை இன்னும் இடுப்பிலேயே இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றார் பராங்குசம், அந்தக் கீச்சுக் குரலில். "கொஞ்சம் நிதானமா. 'மண்ணை'ங்கறப்பதான் நான் கத்திய உருவுவேன்."