வயர் எட்டும் தூரம்

மூன்றாம் முறையும் கணினித் திரை கறுப்பாகவே நின்றது. மருமகள் வயரைப் பிடுங்கி, முனையில் ஊதி, மறுபடி போனில் செருகினாள். பின்னால் நாற்காலியில் மாமியார் கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாமியாருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கைதான் வாய். இப்போது கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. உள்ளங்கையளவு போனில் வெளியூர் மகளின் விரல்கள் அவருக்குப் புகையாகத்தான் தெரிந்தன. அந்த மகளுக்கு இன்று மதியம் நெஞ்சில் அறுவை சிகிச்சை. உள்ளே போகுமுன் அம்மாவோடு பேச வேண்டும் என்றிருந்தாள். போன் படத்தை வயரில்லாமல் பெரிய திரைக்கு அனுப்பிப் பார்த்தாயிற்று. படம் திக்கித் திக்கி வந்தது. விரல் பாதியில் நின்றால் சொல்லே செத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த மருமகளின் கணவன் கூப்பிட்டான்.

"வரலைன்னா விடு. அம்மா நல்லா இருக்காங்கன்னு நானே சொல்லிடுறேன்."

"நீங்க சொன்னாப் போதும்னா அவ ஏன் அம்மாவக் கேக்குறா? கொஞ்சம் பொறுங்க."

அவள் விடுவதாக இல்லை. கீழ்வீட்டு டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் சாப்பிட்ட கையைத் துடைத்தபடி படியேறி வந்தார். வயரைப் புரட்டிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது எங்க கெடைச்சதும்மா?"

"சின்ன ஃபேனோட வந்ததுண்ணே. சார்ஜ் நல்லாத்தான் ஏறுது."

"ஏறும் ஏறும். இதுல சோறு மட்டுந்தான் போகும், சேதி போகாது." சட்டைப்பையிலிருந்து தன் வயரை எடுத்தார். "ரெண்டு சாண்தான் இருக்கும், பரவால்லியா?"

"பல்லி வால் அளவு இருந்தாலும் குடுங்கண்ணே."

செருகியதும் போன் அனுமதி கேட்டது. கொடுத்தாள். திரை முழுக்க வெளிச்சம். 'கடவுளே' என்று அவள் மூச்சுவிடுவதற்குள் அழைப்பும் வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த நாத்தனார், முழுக் கையோடு, முறியாத விரல்களோடு.

மாமியார் எழுந்தேவிட்டார். திரையை நோக்கிக் கைகள் படபடவென்று பேசின. ஆனால் மகள் கண்களால் துழாவினாள்: அம்மா எங்கே? மேசையில் கிடந்த போன் மின்விசிறியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மருமகள் போனை எடுத்து மாமியார் முகத்தருகே நீட்டினாள். அவர் பார்வை அந்தச் சின்னப் புகைக்கே திரும்பிவிட்டது. மறுபடி பெரிய திரையைக் காட்டி உட்காரவைத்தாள். முட்டுக்கொடுக்க ஏதும் தேட நேரமில்லை. மேசைக்குப் பின்னால் போய், திரையின் மேல்விளிம்பில் போனை நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் வயர் எட்டவில்லை.

அங்கிருந்து அவளுக்குத் திரை தெரியாது. மகள் என்ன கேட்டாள் என்று தெரியாது. மாமியாரின் கைகள் மட்டும் தெரிந்தன. இத்தனை வருஷத்தில் அவள் அவற்றை இப்படி நின்று பார்த்ததில்லை. சாப்பாடு, தண்ணீர், கதவு என்று வேலைக்கு வேண்டிய சைகைகளோடு சரி. தோள் கடுத்தது. விரல் மரத்தது. பிறர் பேசிக்கொள்ளத் தான் சற்று நேரம் சுவராக நிற்பதும் பிரார்த்தனைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அழைப்பு முடிந்த சின்ன ஓசை கேட்டது. மாமியார் திரையையே பார்த்திருந்தார். பிறகு பார்வை மெல்ல மேலேறி, போனைத் தாண்டி, மருமகளின் முகத்தில் நின்றது. அவளைக் குறிக்க அந்த வீட்டில் மணிக்கட்டைத் தொடுவார்கள். மகளுக்குக் காது மடல்.

மாமியாரின் விரல் உயர்ந்து, மருமகளைச் சுட்டிவிட்டு, காது மடலைத் தொட்டது. அப்படியே நின்றது.

மருமகள் கைகளை இன்னும் இறக்கவில்லை.