ஒன்பது மாத்திரை

பாஸ்கல் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். மஞ்சள் நிறத்தில் ஒன்பது. குழந்தையம்மாள் கோப்பியை நீட்டினாள்.

"எல்லாத்தையுமா?"

"மிச்சம் இருந்தா டிரஸ்ஸரு கத்துவாருல்ல. போடுங்க."

மூன்று மூன்றாகப் போட்டு விழுங்கினான். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து, லயத்து ஆட்கள் ரப்பர் பால்மரக் காட்டுக்குப் போயிருந்தார்கள். இன்று அவனுக்குக் காடு இல்லை. பத்து மணிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன், அங்கே வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் ஜெயபாலன் அவனுக்குப் பிரஷர் கூடுதல் என்று சொல்லி, நாளைக்கு இரண்டு மாத்திரை கொடுத்தார். முதல் வாரத்திலேயே குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. பாஸ்கலுக்கு விட்டிருந்த மரங்களில் பால் எடுக்கும் வெட்டு முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. குந்தி உட்கார்ந்து சீவிவிட்டு, எழுந்து அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். முந்நூறு மரத்துக்கு முந்நூறு தடவை. எழும்போதெல்லாம் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண் தெளியும்வரை நின்றான். ஒருநாள் பால் வாளியோடு விழுந்தான். புருஷனும் பெண்சாதியுமாகப் போய் டிரஸ்ஸரிடம் சொன்னார்கள். தலை சுற்றினால் பிரஷர் ஏறிவிட்டது என்பதுதான் அந்தத் தோட்டத்தில் எல்லோருடைய பேச்சும். டிரஸ்ஸருக்கும் அதுவே பேச்சு. அவனைப் பெஞ்சில் படுக்க வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார், இன்னும் இறங்கவில்லை என்றார், இரண்டை மூன்றாக்கினார். எழுந்து நிற்கச் சொல்லி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வேலை நாட்களில் காலை மாத்திரையைப் பாஸ்கல் போடுவதில்லை. தலை தெளிந்தது. ஆனால் மாத்திரை உறையைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால்தான் டிரஸ்ஸர் அடுத்த உறையைத் தருவார். மிச்சம் இருந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் ஏச்சு. தோட்டத்துக்கு வந்த புதுத் துரை வேறு ஒரு சட்டம் போட்டிருந்தார். மூன்றாவது மாதமும் பிரஷர் இறங்காதவனுக்கு வேலையில்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடில்லை. ஒரு மாதத் தவணை, அவ்வளவுதான். கடைசி வீட்டு மாயாண்டி அப்படித்தான் போனார். தெலுக் இந்தானில் மருமகன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். பாஸ்கலுக்கு மருமகனும் இல்லை.

இன்று மூன்றாவது மாதம். மிச்சத்தை எல்லாம் காலையிலேயே போட்டுவிட்டால் பிரஷரும் இறங்கும், உறையும் காலியாகும். இது குழந்தையம்மாளின் யோசனை. சோதனை நாளில் லயத்தில் பலர் செய்வதுதான். பக்கத்து வீட்டுக்காரி பாப்பா நாலு போட்டுக்கொண்டு போய்த் தப்பித்திருந்தாள்.

பத்து மணிக்குப் போனவர்களை டிரஸ்ஸர் பதினொன்றுக்குத்தான் கூப்பிட்டார். காத்திருந்த நேரத்தில் பாஸ்கல் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். குழந்தையம்மாள் அவனை உலுக்கி எழுப்பி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

"என்னா பாஸ்கலு, மாமியா வூட்டுக்கா வந்த? படு."

டிரஸ்ஸர் காலி உறையை வாங்கிப் பார்த்தார், பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார். இன்னொரு முறை அடித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியாம்மா? எளந்தாரிப் பய பிரஷர் லா இது! ஒழுங்கா மருந்து சாப்பிட்டா எறங்காம எங்க போவும்? இதத்தான நான் தலப்பாடா அடிச்சுக்கிறேன்."

குழந்தையம்மாள் கும்பிட்டாள். அவர் வேலைக்குப் போகலாம் என்று சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தார். "எந்திரி. நாளைக்குக் காட்டுக்குப் போ."

பாஸ்கல் எழுந்தான். ஒரு கை காற்றில் மரத்தைத் தேடுவதுபோலப் போனது. அங்கே மரம் இல்லை. நெற்றி இரும்பு மேசையின் விளிம்பில் பட்ட சத்தம் வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

ஈப்போவுக்குத் தோட்டத்து லாரியில் கொண்டுபோனார்கள். பின்னால் சாக்கு விரித்து அவனைக் கிடத்தியிருந்தார்கள். அவன் தலை குழந்தையம்மாள் மடியில். எதிரில் டிரஸ்ஸர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காம்பார் டவுன் தாண்டும்வரை வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஐயா, காலைல ஒம்போது மாத்திரை குடுத்தேன்."

"ஒம்போதா?"

"மிச்சம் இருந்துச்சு. நீங்க ஏசுவீங்கன்னு..."

டிரஸ்ஸர் மூச்சை நீளமாக விட்டார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"இத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லிடும்மா. மறைக்காத. ஒரு உசுரு பாரு." சற்றுக் கழித்து, "அந்தச் சீட்ட இப்படிக் குடு. ஒம்போது போட்டு எறங்குனது கணக்குல வராது. இனிமே அது செல்லாது," என்றார்.

அவள் கொடுத்தாள்.

வார்டில் இளம் சீன டாக்டர் ஒருவர் பார்த்தார். நெற்றியில் ஐந்து தையல். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு மரக்கட்டைகளைச் செருகித் தூக்கிவிட்டு, கையில் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டர் கேட்பதைத் தமிழில் சொல்ல அட்டெண்டன்ட் அந்தோணிமுத்துவைக் கூப்பிட்டார்கள். கையில் சாப்பாட்டுத் தட்டுகளோடு வந்தவன் அவன்.

"அக்கா, அண்ணன் எத்தன மாத்திர சாப்பிட்டாருன்னு கேக்குறாரு."

டிரஸ்ஸர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றார். மூன்று என்று சொன்னால் பழி அவருக்கு. ஒன்பது என்று சொன்னால் அவர் தப்பினார். பாஸ்கலுக்கு வேலை போனது, வீடு போனது, அதுவும் அவள் கையாலேயே. பாஸ்கலின் உதடு வெளுத்திருந்தது. மூன்று என்றால் மூன்றுக்குத்தான் வைத்தியம் நடக்கும்.

"ஒம்போது," என்றாள் குழந்தையம்மாள். "ஒம்போது தம்பி. ஆனா ஏன் மிச்சமாச்சுன்னு கேக்கச் சொல்லு. போட்டா நிக்க முடியல. மரத்தடியில எந்திரிச்சா கண்ணு இருட்டுது. ரெண்டு பேருமா போய் இவருகிட்ட சொன்னோம். சொன்னதுக்கு மாத்திரையக் கூட்டுனாரு. எப்பவும் படுக்க வெச்சேதான் பாத்தாரு. நிக்க வெச்சுப் பாத்திருந்தா பிரஷர் கீழ விழுறது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இத சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

அந்தோணிமுத்து டிரஸ்ஸரை ஒருமுறை பார்த்தான். பிறகு டாக்டரிடம் திரும்பினான்.

"நைன்," என்றான்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"அதாங்க்கா முக்கியம். நல்ல வேள சொன்னீங்க," என்று தட்டுகளோடு போய்விட்டான்.

நாலு மணிக்கு டிரஸ்ஸர் வந்து நின்றார். "லாரி போவுது. வாரியா? நாளைக்குத் துரைக்கு நான் ரிப்போட்டு எழுதியாவணும். வீட்டக் காலி பண்ண ஒரு மாசம் இருக்குல்ல, பதறாத." குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. அவள் கட்டிலின் கால்மாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் போனார்.

பாஸ்கல் கண் திறந்தான். "பாஸ் பண்ணிட்டனா?" என்றான்.

"பேசாம படுங்க."

"எந்திரிக்கட்டா?"

"வேணாம்."

உயர்த்திய கட்டிலில் அவன் பாதங்கள் அவள் முகத்துக்கு நேராக இருந்தன. வெடிப்புகளில் காய்ந்த ரப்பர் பால் கறுத்துப்போயிருந்தது. சரிவில் அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தலைப்பக்கம் வழுக்கியது. தலை இரும்புக் கம்பியில் போய் முட்டியது. குழந்தையம்மாள் எழுந்து போய், இரண்டு தோள்களுக்கும் கீழே கைகொடுத்து, மேட்டுப் பக்கமாகத் தள்ளினாள். விட்டதும் மறுபடி வழுக்கத் தொடங்கினான். மறுபடி தள்ளினாள்.