மூன்றாம் நாள் வராதவர்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாய் என் காலைக் கடித்ததால் பிறந்த கதை இது. இடது கெண்டைக்கால், காலை ஆறேகால் மணி, பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் வரைவில் கடிபட்டவரை ஒரு கொத்தனாராக மாற்றிப் பார்த்தேன். கொத்தனார் என்னைவிடத் தைரியசாலியாக வந்து நின்றார். ஊசிக்கெல்லாம் ஒழுங்காகப் போய்விட்டார். கதை ஒரு பக்கத்தில் முடிந்துபோயிற்று. ஆகவே கடிபட்டவன் நானேதான்.

ஆனால் கதை என்னுடையது அல்ல. நகரச் சுகாதாரத் துறையின் நாய்க்கடிப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுடையது. அவரை ஆய்வாளர் என்றே சொல்லப்போகிறேன். அவருக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நன்றி சொல்வது இவ்வளவு சிரமமான காரியம் என்று முன்பே தெரிந்திருந்தால் (இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2

'அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது.'

தூறவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அடித்துவிட்டேன்.

'ஏதோ நடக்கப்போகிறது என்று ஆய்வாளரின் உள்மனம் சொன்னது.'

பொய். அன்று காலை அவர் செய்ததெல்லாம் இதுதான்: மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் மேலிருந்த சின்னத் திரையில் வெப்பநிலையைப் பார்த்தார், தாளில் குறித்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். கடிபட்டு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டங்கள்: வந்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஊசி போட்டால் கட்டத்தில் தேதி விழும். அன்று தேதி விழாத கட்டங்கள் பதினொன்று இருந்தன.*

தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் வெளியூர் போய் அன்றுதான் திரும்பியிருந்தார். ஒருவர் மறந்தே போயிருந்தார். ஒருவர், "நாய் நல்லாத்தான் இருக்கு மேடம், நான்தான் நல்லா இல்ல" என்று தன் மூட்டுவலியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில், "சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க" என்றார் ஆய்வாளர். பத்துப் பேர் சரி என்றார்கள்.

பதினோராவது எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது என் எண். வந்த அன்றைய ஊசியோடு நான் நிறுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கழிந்து இரண்டு நாளாகியிருந்தது.

* வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வராமல் தடுக்கத்தான் முடியும். இதை அடிக்குறிப்பில் போடுவதற்குக் காரணம், அப்போது எனக்கு இது தெரியும். தெரிந்தும் போகவில்லை.

3

அணைத்து வைத்த எண்ணுக்காக ஒருவர் ஏன் வெயிலில் கிளம்ப வேண்டும்?

இந்த இடத்தில் அவருக்கு ஒரு சோகம் வைத்தேன். சின்ன வயதில் அவருடைய தம்பி நாய்க்கடியில் இறந்துபோகிறான், அன்றிலிருந்து அவர்... இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்திருந்தது. பிறகு நேரில் பார்த்தபோது நைசாகக் கேட்டேன், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி நடந்ததா என்று.

"அய்யய்யோ, இல்லீங்க. ஒரே ஒரு தம்பி. பெயின்ட் கடை வெச்சிருக்கான். குண்டா, நல்லா இருக்கான்."

"அப்போ ஏன் மேடம் இவ்வளவு தூரம் அலையறீங்க?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வேலைங்க" என்றார்.

இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

4

பதிவேட்டில் நான் கொடுத்திருந்த முகவரிக்கு ஆய்வாளர் ஸ்கூட்டரில் போனார். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவள் என் மனைவி.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் அந்த வீட்டைவிட்டு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கிப் புத்தகங்களுக்குப் பிழைதிருத்திக்கொண்டிருந்தேன். ஆனால் ஊசி போடும் இடத்தில் முகவரி கேட்டபோது, நாக்கு பழைய கதவு எண்ணைத்தான் சொன்னது. புதிய முகவரியைச் சொன்னால் பிரிந்தது நிஜமாகிவிடும் என்று (இல்லை, இது கதைக்காகச் சேர்த்தது. வெட்கம், அவ்வளவுதான்.)

"அவரு இங்க இல்லீங்க" என்றாள் அவள்.

"எங்க இருக்காரும்மா?"

"தெரியாது. சொல்லிட்டுப் போகல."

என் வரைவில் இந்த இடத்தில் அவள் கண் கலங்கியது. கையெழுத்துப் பிரதியை அவளிடம் கொடுத்திருந்தேன். போன் செய்து சொன்னாள்: "நான் எங்க அழுதேன்? உங்க கதையில மட்டும்தான் அழறேன். எனக்குக் கோவம் வந்துச்சு. வந்த கோவத்துல கதவைச் சாத்தியிருப்பேன். அந்தம்மா மூச்சு வாங்கிட்டு நின்னாங்க. தண்ணி கொடுக்கலாமேன்னு உள்ள கூப்பிட்டேன். அதை எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

5

ஆய்வாளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கடி எங்கே, எப்படி நடந்தது என்று நான் சொன்னது அதில் இருந்தது.

"பால் வாங்கப் போனப்பன்னு சொல்லியிருக்காரு. பஸ் ஸ்டாண்ட் பின்னாடி, சலவைக் கடை வாசல்ல. அங்கிருந்து எங்க போய்த் தேடறது? பெரிய ஏரியாம்மா."

என் மனைவி தாளை வாங்கிப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"பாலுக்கா போனாரு? அப்போ பக்கத்துலதான் இருப்பாரு மேடம். அந்த மனுஷன் பாலுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல நடக்க மாட்டாரு. ரெண்டு தெருவுக்குள்ள பாத்தாப் போதும்."

ஆய்வாளர் எழுந்தார். இவளும் எழுந்து செருப்பை மாட்டினாள். ஏன் என்று இன்றுவரை கேட்டுப் பார்த்துவிட்டேன். "நீங்க எப்படி இருப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதில்ல?" என்பாள். வழியெல்லாம் ஸ்கூட்டரில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு மூன்று பக்க உரையாடல் எழுதி வைத்திருந்தேன். மூன்று பக்கமும் என்னைப் பற்றியே இருந்தது. "ஹெல்மெட்டுக்குள்ள என்னத்தைப் பேசறது?" என்றாள். அதையும் எடுத்துவிட்டேன்.

சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "கண்ணாடி போட்டவரா? நடந்துக்கிட்டே படிப்பாரே? எதிர் மாடிதாம்மா. நாய் மேலயே கால வெச்சாரு. அது கடிக்காம என்ன செய்யும்?"

(இந்த விவரத்தை நான் ஆய்வாளரிடம் சொல்லியிருக்கவில்லை. உங்களிடமும் சொல்வதாக இல்லை.)

6

கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். ஆய்வாளர் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"சட்டையை மாட்டுங்க, போலாம்."

"புண்ணு ஆறிடுச்சு மேடம்."

"புண்ணு ஆறும். அதுல ஒண்ணும் இல்ல."

"மெய்ப்பு பார்க்கிற வேலை தலைக்கு மேல கெடக்கு. நாளைக்கு வந்து..."

"நாளைக்கும் வேலை இருக்கும். நான் இங்கயே நிக்கறேன். நீங்க சட்டையை மாட்டுங்க."

குரலை உயர்த்தவில்லை. பயமுறுத்தவும் இல்லை. மேலும் இரண்டு சாக்குகளைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். சட்டையை மாட்டினேன்.

கீழே ஸ்கூட்டரின் பக்கத்தில் என் மனைவி. நான்கு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள். பிறகு ஆய்வாளரிடம் சொன்னாள்:

"மேடம், இவருக்கு ஊசின்னா பயம். வெளிய சொல்ல மாட்டாரு, ஆயிரம் சாக்கு சொல்லுவாரு. மயக்கம் போட்டு விழுவாரு. படுக்க வெச்சே போடச் சொல்லுங்க."

நடுத்தெரு. சலவைக் கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு நாற்பத்து நான்கு வயது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் ஆய்வாளர். "பாதிப் பேரு இதுக்குத்தான் வராம இருக்காங்க."

ஸ்கூட்டரில் இருவருக்குத்தான் இடம். "நீங்க கூட்டிட்டுப் போங்க, நான் பஸ்ல வரேன்" என்றாள் அவள். போகிறேன் என்று சொல்லவில்லை, வரேன் என்றாள். அந்த ஒரு சொல்லை மட்டும் எந்த வரைவிலும் நான் தொடவே இல்லை.

7

இனி முடிவு. இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு முடிவு: அந்த நாய்க்கு வெறி இருந்தது, ஆய்வாளர் என் உயிரைக் காப்பாற்றினார். இன்னொன்று: அது நல்ல நாய்தான், எல்லோரும் வீணாக அலைந்தார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டுமாம். அது நன்றாக இருந்தால் கவலையில்லை. துறையிலிருந்து வண்டியில் வந்து தேடிப் பார்த்தார்கள். காது கிழிந்த அந்தப் பழுப்பு நாயை அதன் பிறகு யாருமே பார்க்கவில்லை. எனவே நான் செத்திருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை. உயிரோடு இருக்கிறேன். எவ்வளவு நன்றி சொல்ல வேண்டும் என்ற அளவுதான் பிடிபடவில்லை.

என் மனைவி விஷயம்? மீதி மூன்று ஊசிக்கும் வந்தாள். மரப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்றதை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

8

ஒரு வருடம் கழித்து, இந்தக் கதையைத் தொடங்கிய பிறகுதான், ஆய்வாளரைப் பார்க்கப் போனேன். அவருடைய தம்பியைப் பற்றிக் கேட்டதும் அன்றுதான். அவருக்கு என்னை நினைவில்லை. மூன்றாம் மாடி, சலவைக் கடை, ஸ்கூட்டர், எல்லாம் சொன்னேன், இதைக் கதையாக எழுதுகிறேன் என்பதையும். மரியாதைக்குச் சிரித்தார்.

"நெறையப் பேருங்க. முழுசா போட்டுக்கிட்டீங்கல்ல? அது போதும்."

தயாரித்து வைத்திருந்த நன்றியைத் தொடங்கினேன். நல்ல வாக்கியங்கள், மூன்று முறை திருத்தியவை. முதல் வாக்கியத்தின் நடுவில் தொலைபேசி மணி அடித்தது. கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு எடுத்தார். கொஞ்ச நேரம் பேசினார், கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க எழுதறவருதானே? நல்லாப் பேசுவீங்க. இந்த ஆளு மூணாம் நாள் ஊசிக்கு வரல, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க."

ரிசீவர் என் கையில் இருந்தது.

"யாருங்க?" என்றது ஓர் ஆண்குரல், எரிச்சலோடு.

ஒரு நல்ல வாக்கியமும் வாய்க்கு வரவில்லை. "நானும் கடி வாங்கினவன்தாங்க" என்றேன்.

"அதுக்கு?"

"நானும் போகாமத்தான் இருந்தேன். பயமா இருந்துச்சு."

அந்தப் பக்கத்துக் குரல் தாழ்ந்தது:

"எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் ஏற்கெனவே ஊசிக்கான தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு வர்ற வரைக்கும்னு சொல்லுங்க."

சொன்னேன். கிளம்பிவிட்டேன். அவர் வந்தாரா என்று பிறகு நான் விசாரிக்கவில்லை. இந்த இடத்திலிருந்து நீங்கள் எழுதிக்கொள்ளலாம். வெயிலோ மழையோ, பஸ்ஸோ ஆட்டோவோ, உங்கள் விருப்பம். எப்படியாவது அவரை வரவழைத்துவிடுங்கள்.