இடது பக்கம் போகும் அம்பு

வீரய்யா விட்ட அம்பு அன்றும் இடது பக்கம் போனது.

காற்று இல்லை. கையில் நடுக்கம் இல்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், மண்மேட்டில், மானாப்புல் அடைத்த சாக்கு ஒன்று சாய்ந்து கிடந்தது. அதுதான் பன்றி. அம்பு அதற்கு ஒரு முழம் தள்ளிப் பறந்து தேயிலைக்குள் விழுந்தது. கால் மாற்றி நின்று பார்த்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், பிறகு மறு கண்ணை. நாணை இறுக்கினான், தளர்த்தினான். எப்படி விட்டாலும் இடது பக்கம்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனால் கை பழகவில்லை என்று விட்டுவிடலாம். எப்போதும் ஒரே பக்கமாகப் போகிறதென்றால் அதற்கொரு காரணம் எங்கோ இருந்தாக வேண்டும். அது எங்கே என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்த நாகலெட்சுமி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என் சேவலு உசுரோட இருக்கையிலயும் இடது பக்கந்தாங்க ஓடும். அந்தப் பழக்கம் போகல போல."

"சும்மா இரு புள்ள."

"நான் சும்மாத்தான் இருக்கேன். சேவல்தான் இல்ல."

அந்தச் சேவலைக் கொடுத்துத்தான் வீரய்யா வில் வாங்கியிருந்தான்.

வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு அருச்சுனன் தபசு கூத்து நடக்கும். தவம் இருக்கும் அருச்சுனனைக் கொல்ல ஒரு பன்றி வரும். அவன் அம்பு விடுவான், பன்றி சாகும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீரய்யாதான் அந்தப் பன்றி. சாக்குக்குள் புகுந்து, நாலு காலில் தவழ்ந்து, உறுமிச் செத்துக் காட்டுவான். நன்றாகச் செத்தான் என்பதுதான் அவன் செய்த பிழை. தோட்டத்தில் இரண்டு வீரய்யாக்கள் இருந்ததால், காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையே இவனைப் 'பன்னி வீரய்யா' என்று கூப்பிட ஆரம்பித்தார். நாகலெட்சுமி 'பன்னி வீரய்யா பொஞ்சாதி' ஆனாள். அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் பிறக்குமுன்பே பட்டப்பெயர் தயாராக இருந்தது.

இங்கிலாந்து ராணியம்மா இலங்கைக்கு வந்து போன அந்த வருசம், வழக்கமாக அருச்சுனன் வேசம் கட்டுகிறவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். போதாததற்கு, றொசல்லப் பக்கத்துக் கூத்தில் அம்பை உண்மையாகவே விட்டுக் காட்டினார்களாம். அதைக் கேட்டதிலிருந்து கூத்து வாத்தியார் கணேசமூர்த்திக்குத் தூக்கமில்லை. நம் தோட்டத்திலும் உண்மையான அம்புதான் என்று அறிவித்தார். முனையில் துணி சுற்றிய மொட்டை அம்பு. வேசம் கேட்கிறவன் வில்லைத் தானே கொண்டுவர வேண்டும். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாக்குப் பன்றியை அடிக்கிறவனே அருச்சுனன்.

கேட்டவர்கள் இருவர். ஒருவன் வீரய்யா. மற்றவன் பெரிய கங்காணியின் மருமகன் கந்தப்பன். அவனுக்குக் குரல் உண்டு, உடம்பு உண்டு, மாமனார் உண்டு. முதல் இரண்டையும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

கந்தப்பன் கண்டிக்குப் போய் வில் வாங்கி வந்தான். சிவப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூசி, கொடியும் பூவும் எழுதிய வில். வெள்ளைக்காரர்கள் வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டுவதற்கென்று செய்தது. சுவரில் அது மிக நன்றாகவே வேலை செய்யும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு லயம் நடந்தான். இழுத்துக் காட்டச் சொன்னவர்களிடம், "வேசம் கட்டுறவன் வில்லக் கண்ட எடத்துல இழுக்கமாட்டான்" என்றான்.

வில் என்பது இழுப்பதற்கான சாமான். அதை வளைக்கும்போது முன்பக்கம், அதாவது பன்றியைப் பார்க்கும் பக்கம், இழுபட்டு நீள்கிறது. நம்மைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது. நீளத் தெரிந்த மரம் முன்னால் இருக்க வேண்டும், நசுங்கத் தாங்குவது பின்னால் இருக்க வேண்டும். முழு நீளமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைய வேண்டும், ஒரே இடத்தில் மடியக் கூடாது. பூ எழுதியிருக்கிறதா என்பது வில்லுக்குத் தெரியாது.

வீரய்யா கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை வெட்டி வெட்டி, எந்தக் கிளை வளையும், எது முறியும் என்று கைக்குத் தெரிந்தவன். கண்டி வில்லின் விலையில் அவன் வீட்டுக்கு அரிசி வந்துவிடும். ஓடையோரத்து மூங்கில் சும்மா கிடைத்தது. ஆனால் பச்சையாக இருந்ததால் வளைத்தால் வளைந்தபடியே நின்றது. ஈரம் காயாத மரம் நிமிர்ந்து திரும்பி வராது. திரும்பி வருவதில்தான் அம்பின் வேகமே இருக்கிறது. அப்போதுதான் கீழே கிராமத்திலிருந்து தயிர்ப்பானை காவிவரும் சிங்களவரின் தோள் கண்ணில் பட்டது. அவருடைய காவுதடி கித்துள் என்கிற கூந்தற்பனை மரம். இரண்டு பக்கமும் பானை ஆட ஆட, தடி வளைந்து வளைந்து நிமிர்ந்தது. வருசக்கணக்காக வளைந்தும் நேராகவே இருந்தது. அதைவிட நல்ல சோதனையை எந்தக் கடைக்காரன் செய்து காட்டுவான்?

சேவல் கைமாறியது. கித்துளின் கறுத்த நார்ப்பக்கத்தைத் தொடாமல் முன்னால் விட்டு, உள்பக்கத்தை மட்டும் சீவினான். நல்ல வில். அவன் வாங்கிய முதல் வில். தோட்டமே சிரித்தது.

"என்னடா பன்னி, தயிரு விக்கக் கெளம்பிட்டியா?" என்றான் கந்தப்பன். "பானை எங்கடா?"

வில்லில் மிஞ்சிய கித்துளில் அம்பு செய்தான். அம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் வாத்தியாருக்குச் சந்தேகமே கிடையாது. இதுவரை அவர் கூத்தில் ஒரு அம்பும் பறந்ததில்லை என்பது அவருடைய உறுதியைக் குறைக்கவில்லை.

"அருச்சுனன் அம்பு என்ன ஈக்குச்சியா? கடேசில குந்தியிருக்கவனுக்கும் தெரியணும்ல. கட்டைவெரல் தண்டி இருக்கணும். இம்மி வளையக் கூடாது. அம்பு வளைஞ்சா வழியும் வளைஞ்சிரும்."

கேட்க நன்றாக இருந்தது. வீரய்யா நம்பினான். அம்பும் இடது பக்கம் போனது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசி அம்பும் தேயிலைக்குள் தொலைந்தது. பழகுவதை நிறுத்த மனமில்லை. சுவரில் நாகலெட்சுமியின் மட்டக்கம்பு சாய்ந்திருந்தது. கொழுந்து எடுக்கும்போது செடியின் தலை மட்டமாக இருக்கிறதா என்று மேலே போட்டுப் பார்க்கும் மெல்லிய நாணற்கம்பு அது. வீரய்யா அதில் கவ்வாத்துக் கத்தியால் நாணுக்கு ஒரு வெட்டு வெட்டினான், வாலில் கோழி இறகைக் கட்டினான், முனையில் துணி சுற்றினான், விட்டான்.

பன்றியின் நடு விலாவில் போய் மோதி விழுந்தது.

எடுத்து வந்து திரும்ப விட்டான். அதே விலா.

"அடப்பாவி மனுசா!" நாகலெட்சுமி கூடையோடு எழுந்து வந்தாள். "சேவலும் போச்சு, மட்டக்கம்பும் போச்சா? நாளன்னிக்கு மலைக்கு எதக் கொண்டு போவேன்? கங்காணி கேட்டா, எம்புருசன் பன்னி வேட்டைக்குப் போனாருன்னு சொல்லவா?"

"ஏ நாகு, நேராப் போகுது பாரு!"

"அதான் தெரியுதே. ஏன் போகுது? அதச் சொல்லுங்க."

வில் அதே வில், கை அதே கை. அம்பை நாணில் வைத்து, விடாமல், நாணை மெதுவாக மெதுவாகத் திரும்பப் போக விட்டான். அப்போதுதான் கண்ணில் பட்டது. நாண் வில்லின் நடுவுக்குத்தான் திரும்பிப் போகிறது. ஆனால் நடுவில் அம்புக்கு இடமில்லை, அங்கே வில் நிற்கிறது. அதனால் அம்பு வில்லின் இடது கன்னத்தில், கைமுட்டியின் மேல் படுத்திருக்கிறது. வால் நடுவுக்குப் போகப் போக, தலை இடது பக்கம் திரும்புகிறது. வளையாத தடியாக இருந்தால், வில்லில் முட்டி அப்படியே இடது பக்கம் தள்ளுண்டு போக வேண்டியதுதான்.

மெல்லிய கம்பு என்ன செய்கிறது? மட்டக்கம்பின் வாலை நாணில் வைத்துக்கொண்டு தலையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். கம்பு வில்லாக வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. நாண் பின்னாலிருந்து உந்தும்போதும் இப்படித்தான் வளையும். பின்னே திரும்பி நாகலெட்சுமியைப் பார்த்தான். மலையில் கூடையோடு தேயிலை வரிசைக்குள் நடக்கும்போது, குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் செடியில் அவள் முட்டிக்கொள்வதில்லை. இடுப்பை ஒடித்து ஒதுங்கி, அதைத் தாண்டியதும் பழைய வழிக்கே வந்துவிடுகிறாள். அம்பும் வில்லை அப்படித்தான் சுற்றிக்கொண்டு போகிறது.

"என்ன பல்லக் காட்டுறீங்க?" என்றாள் அவள்.

"ஒன் நடையத்தான் நெனச்சுப் பாக்குறேன்."

"சேவலக் குடுங்க, அப்புறம் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் தோட்டமே கூடியிருந்தது. சாக்குப் பன்றிக்கு இடது பக்கமாக, கூத்துக்குத் தப்பு அடிக்கும் மூக்கன் தன் தப்போடு நின்றான். முதலில் கந்தப்பன். அவன் அம்பு வாத்தியார் சொன்னபடி உலக்கைபோல இருந்தது. வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக வில்லை இழுத்தான். படபடவென்று அரக்கு வெடித்தது. சிவப்பும் மஞ்சளும் அவன் மீசையில் உதிர்ந்தன. அம்பு நேராகத் தப்பில் போய் 'டம்' என்று அடித்தது.

"ஐயா சாமி!" மூக்கன் தப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "பன்னி அங்கிட்டு இருக்குங்க! நான் மூக்கனுங்க!"

"வில்லு புதுசு. மத்தபடி கை சுத்தம்," என்றார் வாத்தியார், பெரிய கங்காணியின் பக்கம் பார்த்தபடி.

வீரய்யா முன்னால் வந்தான். அவன் கையிலிருந்த மெல்லிய அம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தது. கடைசி வரிசைக்கும் தெரியும்.

"இதென்னடா, பல்லுக்குச்சியா?" என்றார் வாத்தியார்.

"பன்னிக்குத்தாங்க பல்லு குத்தப் போறேன்."

விட்டான். சாக்கின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. சிரிக்க வந்திருந்த கூட்டம் யாரைப் பார்த்துச் சிரிப்பதென்று கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு கந்தப்பனின் மீசையைத் தேர்ந்தெடுத்தது. வாத்தியார் இரண்டாவது தடவையும் விடச் சொன்னார். பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு. சொன்ன வார்த்தையைச் சபையில் மாற்ற முடியாமல், அவர் அருச்சுனன் வேசத்துக்கு வீரய்யாவின் பேரைச் சொன்னார். முன்னால் எந்தப் பட்டமும் சேர்க்காமல், வெறும் பேர்.

"அப்ப பன்னி வேசத்துக்கு ஆளு?" என்று மூக்கன் கந்தப்பனையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

கந்தப்பன் வீரய்யாவின் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினான். "இந்தத் தயிர்த்தடியில என்னடா மந்திரம் வச்சிருக்க?"

"வில்லுல ஒண்ணுமில்லீங்க. ஒங்க வில்லுலயும் ஓரளவு போகும். அம்பு இடது பக்கம் போனா அது தண்டி. மெல்லிசா நாணக்கம்பு வெட்டுங்க. வாலத் தரையில ஊணி, தலைய உள்ளங்கையால அமுக்குனா வளையணும், விட்டா நிமிரணும். அப்பவும் இடது பக்கம் போனா, இன்னும் மெல்லிசா வெட்டுங்க. வலது பக்கம் போனா, கொஞ்சம் தண்டியா வெட்டுங்க. நடுவுல பட்டதும் அதே தண்டியில மிச்ச அம்பையும் செதுக்கிக்கிடுங்க. அவ்வளவுதாங்க."