ஐம்பதாம் எண்ணில் இருவர்

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும், நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைத் தன் கையாலேயே ஒதுக்கிய பெருமை அக்காவுக்கு உண்டு. கணக்காளர் அல்லவா, எண்கள் வரிசையில் நின்றால்தான் அவளுக்கு நிம்மதி. பிரிண்டருக்கு இருபது, தொலைக்காட்சிக்கு முப்பது, மாடியில் அம்மாவின் படுக்கையருகே உள்ள அழைப்புப் பொத்தானுக்கு ஐம்பது. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த அம்மா தனியாக எழவே கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. அம்மா பொத்தானை அழுத்தினால் அக்காவின் கைப்பேசி அலறும். அதை நம்பித்தான் அவள் கீழே அமர்ந்து அலுவலக வேலை பார்த்தாள்.

நெட்வொர்க்கை இரண்டு சப்நெட்டுகளாகவும் பிரித்திருந்தாள். வீட்டுக் கருவிகளுக்கு ஒன்று, வந்து போகிறவர்களுக்கு மற்றொன்று. ஒன்றில் நடப்பது மற்றொன்றை எட்டாது. அன்று காலை வெளியூரிலிருந்து வந்திறங்கிய தம்பிக்கு விருந்தினர் கடவுச்சொல்லைக் கொடுத்தபோதுதான் வம்பு தொடங்கியது.

“என்னது, கெஸ்ட்டா? பொறந்த வீட்டுல நான் விருந்தாளியாக்கா?”

“அது சும்மா ஒரு பேருடா.”

“ஆமாமா. அப்படியே வாசல்ல ஒரு பாயப் போட்டுடு, படுத்துக்கறேன்.”

அவன் முகம் தொங்கிப்போனதைக் காணச் சகியாமல், வீட்டுக் கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டாள்.

பிற்பகலில் தம்பி சோபாவில் சாய்ந்து, கைப்பேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, உன் நெட்டுக்கு விக்கல் எடுக்குது.”

“என் நெட்டக் குறை சொல்லாத. உன் போன்தான் ஓட்டை.”

சற்றுப் பொறுத்து மீண்டும் கத்தினான். “பாத்தியா, கோல் போடுற நேரத்துல நின்னுடுச்சு! ஆடிட்டரம்மா, கொஞ்சம் தயவு பண்ணுங்க!”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கையிலிருந்த கணக்கை முடித்துவிட்டு, அவன் வாயை அடைப்பதற்காகவே அக்கா கணினியில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். ஐம்பதாம் எண்ணுக்கு நேரே தம்பியின் கைப்பேசி இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பொத்தானில் ஐம்பது என்று பதித்தாளே தவிர, அந்த எண்ணை வேறு யாருக்கும் தராதே என்று ரூட்டரிடம் சொல்லி வைக்கவில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த, அழுத்தும்வரை உறங்கும் பொத்தான் அது. உறங்குகிறவரின் வீட்டை ஆளில்லாத வீடென்று கருதி, ரூட்டர் தம்பியைக் குடிவைத்துவிட்டது. பொத்தான் விழித்துப் பேச முயலும்போதெல்லாம் ஒரே எண்ணுக்கு இருவரும் மல்லுக்கட்டுவார்கள். படம் ஒரு கணம் நிற்கும். ஓயாமல் பேசுகிற கைப்பேசிதான் வெல்லும். அழைப்பு வந்து சேராது.

அப்படியானால் அந்த விக்கல்?

“எத்தனை தடவைடா நின்னுச்சு?”

“ஏன்க்கா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?”

“சொல்லுடா!”

“எண்ணவா செஞ்சேன்... நிறைய தடவை. இப்ப கொஞ்ச நேரமா நல்லாத்தான் ஓடுது.”

அவள் மாடிப்படிகளில் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது.

மூடியிருந்த கதவைத் தள்ளினாள். அம்மா தரையில் கிடந்தாள். முதுகு கட்டிலின் காலில் சாய்ந்திருந்தது. உள்ளங்கையில் பொத்தான் இருந்தது. விரல்கள் அதன்மேல் அசையாமல் கிடந்தன.

“அம்மா!”

அம்மா மெல்லக் கண் திறந்தாள். “அமுக்கி அமுக்கி விரலே மரத்துப்போச்சுடி. சரி, நாமளே எந்திரிக்கலாம்னு பாத்தேன், விழுந்துட்டேன். கத்த மூச்சு வரல. நீங்க சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு... எம்மேல எதுவும் கோவமோன்னு நெனச்சேன்.”

பின்னாலேயே ஓடி வந்த தம்பி அறை வாசலில் கல்லாய்ச் சமைந்து நின்றான். அவன் கையில் ஆட்டம் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர் வந்து பார்த்து, எலும்புக்குச் சேதமில்லை என்று சொன்ன பிறகுதான் அக்காவுக்கு மூச்சு திரும்பியது. அவள் ரூட்டரின் முன் அமர்ந்து, ஐம்பதைப் பொத்தானுக்கென்றே பூட்டினாள். தம்பி அருகில் வந்து கைப்பேசியை நீட்டினான்.

“என்னைய அந்த விருந்தாளிப் பக்கமே போட்டுடுக்கா.”

அவள் மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, ஒரு தடவை அமுக்கும்மா.”

கைப்பேசி அலறியது. கேட்பதற்காகவே காத்திருந்த இருவரும் தூக்கிவாரிப்போட, படிகளை நோக்கி ஓடினார்கள்.