மலைமேல் ஒரு பருந்து

இளவரசன் அதைப் பருந்து என்றான். கவிநிலா அழுக்கு என்றாள்.

கணவனும் மனைவியுமாக வேங்கிக்காலில் ஸ்டுடியோ திறந்து எடுத்த முதல் கல்யாணம் தேவிப்ரியாவுடையது. அவன் படம் எடுப்பான். அவள் கம்ப்யூட்டரில் திருத்துவாள். அன்று மாலை பெண்ணின் அம்மா சந்திரகலா படம் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் தை மாதம் இளைய மகள் கீர்த்தனாவின் கல்யாணமும் இவர்களுக்குத்தான். அந்த நேரம் பார்த்து, கிரிவலப் பாதையில் மலையை வைத்து எடுத்த படங்களிலெல்லாம் ஒரு கரும்புள்ளி.

"மலைமேல பருந்து சுத்தறது சகஜம்தானே கவி?"

"எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துலயா? போஸ் குடுக்கச் சொல்லி நிறுத்தி வச்சிருந்தீங்களா?"

வேறு லென்ஸ் மாட்டி வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தான். பருந்து சுவரிலும் பறந்தது. கவிநிலா கேமராவை வாங்கி, லென்ஸைக் கழற்றி, உள்ளே படம் பதியும் சென்சார்மேல் டார்ச் அடித்தாள். வெள்ளையாக ஒரு துணுக்கு. அதன் நிழல்தான் படத்தில் கறுப்பாக விழுந்திருக்கிறது. விபூதி!

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எதிர் ஸ்டுடியோக்காரர் ஆயுத பூஜைக்கு நீளமாகச் சாமான் அடுக்கியதைப் பார்த்த ரோஷத்தில், இவனும் கேமராவையும் லென்ஸையும் தனித்தனியாகக் கழற்றி வைத்து வரிசையை நீட்டியிருந்தான். வாய் பிளந்து கிடந்த கேமராவுக்கு விபூதியும் தாராளம்.

"வரிசை நீளணும்னு சென்சாருக்கே பட்டை போட்டுட்டீங்களே!"

அவன் முகம் தொங்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ரப்பர் பந்தால் காற்றடித்துத் தூசியை வெளியேற்றினாள். நல்லவேளை, படங்களெல்லாம் ரா ஃபைல். என்ன திருத்தினாலும் அசல் அப்படியே இருக்கும். ஒரு படத்தில் புள்ளியை அழித்து, அதே திருத்தத்தை மொத்தப் படங்களுக்கும் ஒரே தட்டில் போட்டாள். பருந்து போயே போய்விட்டது. காபி குடித்து முடிப்பதற்குள் தன் சாமர்த்தியத்தை நாலு தடவை சொல்லிக்காட்டினாள்.

சந்திரகலா வந்தார். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மணப்பெண்ணின் முகம் மட்டும் தெரிந்த படத்தில் நின்றார்.

"எம் பொண்ணு கன்னத்து மச்சம் எங்கம்மா?"

கவிநிலா திரையை உற்றுப் பார்த்தாள். கிட்டே இருந்து, லென்ஸை அகலத் திறந்து எடுத்ததால் அந்தப் படத்தில் புள்ளியே விழுந்திருக்கவில்லை. புள்ளி விழும் இடத்தில் இருந்தது மச்சம். பார்க்காமலே அழித்திருக்கிறாள்.

"பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சுங்க," என்றான் இளவரசன். இந்த வாய்ப்புக்காகத்தான் மத்தியானத்திலிருந்து காத்திருந்தான்.

சந்திரகலா சிரிக்கவில்லை. "அவ அப்பாவுக்கும் அதே எடத்துலதான் இருந்துச்சு. அவரு போனதுக்கப்புறம் அதப் பாத்துக்கினுதான் இருக்கேன்."

இளவரசன் தலைகுனிந்தான். கவிநிலா அவசரமாக அந்தத் திருத்தத்தை நீக்கினாள். மச்சம் திரும்ப வந்தது. சந்திரகலா திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தை மாசம் கீர்த்தனாவுக்கும் நீங்களே வந்துடுங்க," என்றபடி எழுந்தவர் வாசலில் திரும்பினார். "தம்பி, அந்தப் பருந்த மட்டும் வூட்லயே வுட்டுட்டு வாங்க. இவளுக்கும் கன்னத்துல மச்சம் இருக்குது."